பழைய ரேந்தை வடிவத்தைப் பெரிதாக்குவது போலியாகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கைப்பின்னல் கலைகள் பற்றி வெளியான கட்டுரை, பழைய ஐரோப்பிய ரேந்தை (லேஸ்) வடிவங்களை இன்றைய நூலில் பெரிதாக்கிப் பின்னுவதைப் ‘போலி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக பாபின் ரேந்தை பின்னியும் கற்பித்தும் வரும் எனக்கு அந்தச் சொல் வருத்தம் அளித்தது.

கட்டுரையுடன் வந்த படம் குரோஷா பின்னலுடையது; அது பாபின் ரேந்தை அன்று. அதற்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலும் போதும். பாபின் ரேந்தையில், நூல்களைச் சிறு மரக்குச்சிகளில் சுற்றிச் சோடி சோடியாகத் திண்டின் மேல் தொங்கவிட்டு, வடிவத்துக்கேற்பத் துளையிட்ட அட்டையின் வழியே குத்திய குண்டூசிகளைச் சுற்றிப் பின்னுகிறோம். கைக்குத் தெரிய வேண்டிய அசைவுகள் இரண்டுதான்: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது.

இந்த இரண்டு அசைவுகளைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பேன்ஷ் நகரின் பெயரால் வழங்கும் ரேந்தையே சான்று. பூவுக்கு வரம்பு கட்டும் தடித்த நூல் அதில் கிடையாது. இழை நெருங்கும் இடம் இதழ், விலகும் இடம் வெளி. இதழ் அகலும்போது சுற்றியுள்ள வெளியை நிரப்பும் பனிச்சில்லு வடிவப் பின்னலிலிருந்து சோடிகளை உள்ளே வரவழைக்க வேண்டும், குறுகும்போது அவற்றை வெளியே வழியனுப்ப வேண்டும். ஒரு சோடி வழி தவறினால் நான்கைந்து ஊசிகளுக்குப் பிறகுதான் பிழை கண்ணில் படும், அதுவரை பின்னியதை எல்லாம் பிரித்தாக வேண்டும்.

அக்காலத்தில் கையால் நூற்ற மிக நுண்ணிய ஆளிநூல் (லினன் நூல்) இன்று கிடைப்பதில்லை. ஆகவே பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஜெராக்ஸ் கடையில் இரு மடங்காக்கினால் வேலை முடிந்துவிடாது. ரவிக்கைக் கையின் ஓரத்துக்காக ஒரு பழைய பேன்ஷ் விளிம்பை முதன்முதலில் அப்படித்தான் பெரிதாக்கி, கைக்குக் கிடைத்த மெல்லிய நூலிலேயே பின்னினேன், இதழ்களெல்லாம் சல்லடையாயின. அட்டை இரு மடங்கானால் நூலின் பருமனும் அதே அளவு கூட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு நூலை மாற்றி, இதழின் நடுவே நெரிசலான இரண்டு சோடிகளைக் குறைத்து, துணிபோல் நெருங்கும் பின்னலுக்கு ஊதா, இடைவெளி விட்டு அமையும் அரைப்பின்னலுக்குப் பச்சை என இன்று பின்னுபவர்கள் கையாளும் வண்ணக் குறிகளால் வரைபடத்தை முழுவதுமாக மறுபடி வரைந்தேன். சாந்தோம் கடற்காற்றில் இரும்புக் குண்டூசிகள் துருவேறி, ஒரு சாண் நீளத்துக்கு ஊசி இருந்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்ததால், பித்தளை ஊசிகளுடன் மூன்றாம் முறையும் தொடங்க நேர்ந்தது. மூலத்தின் ஒவ்வொரு இழையும் எங்கே போகிறது என்று தெரியாத எவராலும் இதைச் செய்ய இயலாது. இதையா போலி என்பது?

கட்டுரை தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இக்கலை நமக்குத் தொலைவானதன்று. நாகர்கோவிலில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த ரேந்தைப் பின்னலை, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலிசா திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். மெரினாவில் கால்டுவெல் சிலையைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு எலிசாவின் நினைவும், என் ஆச்சியின் திண்டும்தான் மனத்தில் எழும். ஆச்சியின் அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய காகிதம் என்று எண்ணி அவற்றை எரித்துவிட்டார்கள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்கூட இல்லை.

அத்தகைய அட்டைகள் தென்மாவட்ட வீடுகளிலும், அங்கிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்களின் பரண்களிலும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர் தூக்கி எறியாமல் படம் எடுத்து வைக்குமாறு தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். படம் எடுக்கும்போது அட்டையின் அருகில் ஓர் அடிக்கோலை வைக்கச் சொல்லுங்கள். துளைகளுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்தால்தான் அதற்கேற்ற நூலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இங்ஙனம்,
ரேந்தைப் பின்னல் ஆசிரியை ஒருவர்,
சாந்தோம், சென்னை.