மாம்பழம் வேறு, மாம்பழத்தின் விலை வேறு

யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களின் கணித ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தரம் 7, 8 தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் வலிகாமத்தில் 22 வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கிறவள். எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும் அட்சரகணிதக் கோவைகளில் ‘சுருக்குக’ என்ற வேலைக்கு ஓடுவதற்கு முன், பிள்ளைகள் கோவையை எழுதவும் வாசிக்கவும் நேரம் கொடுங்கள், பரீட்சையிலும் அதற்குப் புள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் சில வருடங்கள் நானும் 3ம + 2ம என்று கரும்பலகையில் எழுதி, “ம என்றால் மாம்பழம், மூன்று மாம்பழமும் இரண்டு மாம்பழமும் ஐந்து மாம்பழம்” என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாருக்கும் விளங்கியது, எல்லா விடையும் சரி. அடுத்த தவணை ஒரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், மாம்பழத்தை மாம்பழத்தால் பெருக்கினால் என்ன வரும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதில் பிழையில்லை, நான் சொல்லிக்கொடுத்ததுதான் பிழை. ம என்பது பழமல்ல, ஓர் எண். ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் விலை ம ரூபா என்று சொன்னால்தான் 3ம என்பதற்குப் பொருள் வருகிறது. சந்தையில் விலை மாறினால் அதன் பெறுமானமும் மாறும்.

இந்தப் பழக்கணக்கு இன்றைக்கும் பள்ளிக்கூடங்களிலும் ரியூசன் வகுப்புகளிலும் நடக்கிறது. கெதியாக விளங்கவைப்பதால் விட மனம் வருவதில்லை. ஆனால் அதே வகுப்பில் “மாணவர் தொகை ஆசிரியர் தொகையின் 20 மடங்கு” என்று கொடுத்துப் பாருங்கள். மா = 20ஆ என்று வரவேண்டிய இடத்தில் 20மா = ஆ என்று எழுதும் பிள்ளைகள் நிறையப்பேர் இருப்பார்கள். ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர் என்ற காட்சி கண்ணுக்குள் நிற்கிறது. எழுத்து அவர்களுக்கு ஆளைக் குறிக்கிறது, தொகையை அல்ல.

இன்னொரு சிக்கல் எங்கள் மொழியோடு ஒட்டியது. “எக்ஸிலிருந்து 5ஐக் கழிக்க” என்றால் பிள்ளை சரியாக எழுதும். “எக்ஸை 5இலிருந்து கழிக்க” என்று மாற்றிச் சொன்னால், என் வகுப்பில் முக்கால்வாசிக் கொப்பிகளில் மறுபடியும் எக்ஸ் − 5தான். கண் முதலில் கண்டதைக் கை முதலில் எழுதிவிடுகிறது. தமிழில் சொற்களை இடம் மாற்றி வைக்கலாம், பொருளைத் தாங்குவது வேற்றுமை உருபு. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளைத் தமிழ் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதும் இதே பிள்ளைகளுக்குத்தானே. எதிலிருந்து நீங்குகிறதோ அதுவே கழித்தல் குறிக்கு முன்னால் வரவேண்டும். ‘இலிருந்து’ ஒட்டிய சொல்லைச் சுற்றி வட்டம் போடச் சொன்னேன். ஒரு பையன், அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோன இடத்துக்கு மேலே 5ஐ வட்டமிட்டான். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 5 − எக்ஸ் என்று எழுதினான். அதற்குப் பிறகு அந்த வகையில் அவன் பிழைவிட்டது மிகக் குறைவு. கணித ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரேயொரு பாடவேளை சேர்ந்து படிப்பித்தால் எவ்வளவோ நன்மை.

பிரதியிடலில் வரும் பிழையையும் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எக்ஸ் = 4 என்றால் 3எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 34 என்று எழுதுகிற பிள்ளை தான் படித்ததைத்தான் செய்கிறது. 3ஐயும் 4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முப்பத்துநான்கு. 3ஐயும் ½ஐயும் அப்படி எழுதினால் கூட்டல். இப்போது 3ஐயும் எக்ஸையும் சேர்த்து எழுதினால் மட்டும் பெருக்கல். இந்த மாற்றத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. தொடக்கத்தில் 3 × எக்ஸ் என்று முழுதாக எழுதவிட்டு, பிரதியிடும்போது 3 × (4) என்று அடைப்புக்குறி போடப் பழக்கினால் போதும். எக்ஸுக்கு −2 வரும்போதும் அந்த அடைப்புக்குறிதான் பிள்ளையைக் காப்பாற்றும்.

எனக்குக் கைகொடுத்தது மூன்று நெருப்புப்பெட்டியும் ஒருபிடி புளியங்கொட்டையும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே அளவு கொட்டை, வெளியே 5. மொத்தம் எத்தனை? 3எக்ஸ் + 5. “8எக்ஸ்” என்று சொன்ன பிள்ளையிடம், எட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டேன். தானே மேசையைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். “ஆனால் ரீச்சர், இது இன்னும் விடை இல்லையே” என்றாள். அந்த ஒரு வசனத்துக்காக அன்றைய பாடவேளை முழுவதையும் கொடுத்தேன். பெட்டி திறக்காதவரை 3எக்ஸ் + 5தான் முழு விடை. திறந்தோம், 7 கொட்டை. 3 × 7 + 5 = 26. மேசையில் கொட்டி எண்ணினோம், 26.

19ஆம் நூற்றாண்டிலேயே ‘வீசகணிதம்’ என்ற பெயரில் இந்தப் பாடத்தைத் தமிழில் அச்சேற்றிய மண் இது. தமிழில் இதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த தவணை வினாத்தாளில் சுருக்கும் வினாக்களில் இரண்டை எடுத்துவிடுங்கள். ஒன்றுக்குப் பதிலாக, ‘இலிருந்து’ இடம் மாறி வரும் ஒரு வசனத்தைக் கொடுத்துக் கோவை எழுதச் சொல்லுங்கள். மற்றதற்கு, 4எக்ஸ் − 30 என்ற கோவையைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு கதையைப் பிள்ளையின் சொந்தத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ் எதன் எண்ணிக்கை அல்லது எதன் விலை என்று எழுதுவதற்குத் தனிப்புள்ளி வையுங்கள். பரீட்சையில் வந்தால்தான் வகுப்பிலும் ரியூசனிலும் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த விடைத்தாள்களைத் திருத்த நேரம் கூடப் பிடிக்கும். என் வலயத்தில் அந்த இரண்டு வினாக்களையும் சனிக்கிழமைகளில் இருந்து திருத்தித்தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
வலிகாமத்துக் கணித ஆசிரியை ஒருத்தி