மாதிரிக்கூடத்தை மாலையில் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற வாரச் சுற்றறிக்கை நீங்கள் அனுப்பியதுதான், அதனால் விளக்கம் தேவையில்லை. உடற்கூறியல் செய்முறை வகுப்பு வாரத்துக்கு 2 மணி நேரத்திலிருந்து 1 மணி நேரமாகிறது. மீதியைக் கைக்கணினியிலுள்ள முப்பரிமாணச் செயலி பார்த்துக்கொள்ளுமாம். பதப்படுத்திய மனித உடற்பகுதிகள் இருக்கும் மாதிரிக்கூடம் மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். தேர்வு மட்டும் பழையபடியே: மணியடித்தால் அடுத்த மேசை, மேசைக்கு ஒரு நிமிடம், குண்டூசி குத்தியிருப்பதன் பெயரை எழுத வேண்டும்.

அந்தக் குண்டூசியைப் பற்றித்தான் இந்த மடல்.

செயலியில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் ஏறிய அக்குளில் மூன்றும் ஒரே நிறம், ஊறிப்போன பழஞ்சணல் மாதிரி. அங்கே கண் உதவாது, விரல்தான் உதவும். இரு விரலுக்கிடையே உருட்டினால் நரம்பு கெட்டிக் கயிறாக நழுவும். தமனி அமுங்கும்; வெட்டுமுனையில் தடித்த சுவரும் நடுவே ஓட்டையும் தெரியும். சிரை தட்டையாகப் படிந்தே கிடக்கும். இதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். விரலுக்குப் பழக இருபது முறையாவது உருட்ட வேண்டும்.

கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புக் கூட்டமான புயப்பின்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் 5 வேர், 3 தண்டு, 6 பிரிவு, 3 நாண், 5 கிளை என்று எம்ஆர்டி ரயில் வரைபடம்போல ஒழுங்காக இருக்கும். மாதிரியில் அக்குள் தமனிக்கு முன்னால் 'எம்' எழுத்து வடிவத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்: வெளிக்கால் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு, உட்கால் அல்னார் நரம்பு, நடுவில் கூடுவது மீடியன் நரம்பு. வெளிக்கால் மேற்கையிலுள்ள கோரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போனால் சந்தேகம் தீர்ந்தது. சிலர் கையில் துளைக்காமலே போகும். சிலர் கையில் மீடியனுக்கு ஒரு கிளையும் கொடுத்துவிடும். செயலியில் இருப்பவர் ஒரே ஒரு மனிதர், அவருக்கு எல்லாமே பாடநூல்படிதான்.

இப்போது ஒரு கையைச் சுற்றி 18 பேர். கையுறை மாட்ட, துணியை விலக்க, ஈரப்படுத்த, திரும்ப மூட 12 நிமிடம் கழித்தால் மிச்சம் 48. தலைக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. அவசரத்தில் யாராவது இடுக்கியால் இழுப்பார், மெல்லிய கிளை அறும். சரியாக மூடாமல் ஓடினால் மாதிரி காய்ந்து தோற்செருப்பாகிவிடும். அடுத்த வகுப்புக்குத் தேட அந்த நரம்பே இருக்காது.

ஆகவே கேட்பது இதுதான்: வாரத்தில் 2 மாலை, 6 மணி முதல் 9 மணி வரை, மாதிரிக்கூடத்தைத் திறந்து வையுங்கள்.

தாதியராகவும் இயன்முறைச் சிகிச்சையாளராகவும் போகிறவர்களுக்கு இவ்வளவு எதற்கு என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதாம். ரத்தம் எடுக்கப்போவது யார், ஐயா? முழங்கை மடிப்பில் ஊசி ஏறும் சிரைக்கும் அடியில் ஓடும் பிரேக்கியல் தமனிக்கும் இடையில் இருப்பது பைசெப்ஸ் தசையின் நார்த்தகடு ஒன்றுதான். தமனிக்கு உட்புறம், ஒட்டினாற்போல, மீடியன் நரம்பு. செயலியில் அந்தத் தகடு ஒரு தட்டலில் மறைந்துவிடுகிறது. அது எவ்வளவு மெல்லியது என்பது தொட்டால்தான் தெரியும். பலதுறை மருந்தகத்துக்கு வரும் பாட்டியின் கையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

நுழைவாயிலில் புதிதாக மாட்டிய சுவர்த்திரை அழகாகத்தான் இருக்கிறது. விருந்தினர் வரும்போதெல்லாம் அதில் இதயம் துடிக்கிறது. மாதிரிக்கூடத்தில் நெடியை இழுக்கும் காற்றுப்போக்கி எப்போது துடிக்கும் என்று கேட்கலாம். அது வேறு மடலுக்கு. சிங்கப்பூரின் 1972ஆம் ஆண்டு மருத்துவ (சிகிச்சை, கல்வி, ஆய்வு) சட்டத்தின்கீழ் 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் உடலைக் கல்விக்கென எழுதிவைக்கலாம். அப்படி எழுதிவைத்த யாரும் மாலை 5 மணியோடு சரி என்று நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை.

மன்னிக்கவும், வேண்டுகோளுக்கே வருகிறோம். ஆட்பற்றாக்குறை புரிகிறது. ஒரு நேரத்தில் 10 பேர், முன்பதிவோடு, அரைமணி வீதம். மேற்பார்வைக்கு ஓர் ஆய்வகப் பணியாளரும் ஒரு மூத்த மாணவரும் இருந்தால் போதும். தேர்வுக்கு முந்தைய 4 வாரங்களுக்காவது, வாரத்தில் 2 மாலை திறந்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சாவி யார் பொறுப்பில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கையுறையை நாங்களே வாங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு மாணவர்கள்