மாஸ்டர் எழுதித் தந்த கொப்பி

அன்புடையீர்,

கொள்ளுப்பாட்டியின் தடம் தேடி இலங்கைக்குப் போன அம்மாவும் நானும் கோத்தகிரிக்கு நலமாக வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா எழுந்து நடமாடுகிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பூண்டுலோயாவைப் பற்றியே பேசுகிறார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்த அந்த இரவு எங்களுக்கு எப்படிக் கழிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்வதைத் தள்ளிப்போடவும் மனம் கேட்கவில்லை.

நள்ளிரவில் ஓடிவந்து இரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், வாடகையாக ஒரு காசு வாங்க மாட்டேன் என்று நின்ற வேன்காரருக்கும், தன் லயத்துக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டின் அறையை, எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு பக்கத்துக் காம்பராவில் படுத்துக்கொண்ட அக்காவுக்கும், கொழும்புச் சுவடிகள் கூடத்தில் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்த மாணவிக்கும், துறையூர்ப் பக்கத்து ஊர்களில் எங்களுக்காக வீடு வீடாக விசாரித்த பெரியவர்களுக்கும், அம்மாவுக்காக வேண்டிக்கொண்ட முகம் தெரியாத அத்தனை பேருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே எழுத வேண்டும்தான். ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவர் ஹட்டனுக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் தேடியது அம்மாவைப் பெற்ற அம்மாயியின் தாயை, என் கொள்ளுப்பாட்டியை. அவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ மொரீசியசுக்கோ கப்பலேறியிருந்தால் தேடுவதற்கு ஒரு வழி இருந்திருக்கும். அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். நேட்டால் பட்டியல்களில் உடலில் இருந்த தழும்பு வரைக்கும் இருக்கிறது. மொரீசியசில் பலருடைய புகைப்படங்கள்கூடப் பத்திரமாக இருக்கின்றன. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டியதோ கங்காணி. சொந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அவர்கள் தலையில் கடனாக ஏறின. ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. இத்தனை ரூபாய் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். வேறொரு தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டினால், மொத்தக் கூட்டமும் கடனோடு சேர்ந்து அங்கே போகும். அந்த மனிதர்களைப் பேர் பேராக எழுதிவைத்த இடம் பெரும்பாலும் கங்காணியின் பற்று வரவுப் புத்தகம்தான். அவற்றில் பெரும்பாலானவை எப்போதோ கறையானுக்குப் போய்விட்டன.

மாஸ்டரின் தாத்தா எங்கள் ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி.

நான் ஊர்ப் பெயரும் தோட்டத்துப் பெயரும் போட்டு விசாரித்து எழுதியது யார் மூலமாகவோ அவர் கைக்குப் போயிருக்கிறது. நாங்கள் அவர் வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் அம்மாவுக்கு அப்படி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்த அக்காவின் காம்பராவில் அம்மா படுத்திருந்தபோது, வயது முதிர்ந்த அந்த மனிதர் தலவாக்கலையில் பஸ் மாறி, மழையில் ஏற்றம் ஏறி, வாசலில் வந்து நின்றார். வேட்டித் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகங்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். தலை நனைந்திருந்தது. அந்த மூட்டை நனையவில்லை.

நீளவாக்கில் மடித்துத் தைத்த புத்தகங்கள். பழைய தமிழ் எண்கள், காலும் அரையும் மாகாணியுமாகப் பின்னக் குறிகள். எனக்கு ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை. இதை அவர் முன்பே எதிர்பார்த்திருக்கிறார். பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட கொப்பி ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த வரிகளை மட்டும் எல்லாப் புத்தகங்களிலிருந்தும் பொறுக்கி, தேதி வரிசைப்படி, வாத்தியார் கையெழுத்தில் படி எடுத்திருந்தார். தமிழ் வருஷத்துக்கும் மாதத்துக்கும் எதிரே ஆங்கில வருஷத்தையும் மாதத்தையும் குறித்திருந்தார்.

தொடக்கத்தில் எல்லாம் கொள்ளுத்தாத்தாவின் பெயரில். மண்டபம் முகாம் வரை வந்த செலவு, தலைமன்னார் கப்பல், கம்பளி இரண்டு, அரிசி. கொள்ளுப்பாட்டி வெறும் பெண்சாதி. பிறகு பிங்கள வருஷம் ஆனி மாதம் ஒரு வரி: சுக்கு, மிளகு, பெருங்காயம், கருப்பட்டி, நல்லெண்ணெய். எதிரே மாஸ்டர் 1917, ஜூன் அல்லது ஜூலை என்று எழுதியிருந்தார். அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "எங்கம்மா பிறந்திருக்கிறாள்" என்றார். அம்மாயி தன் பிறந்த மாதம் தெரியாமலேயே கண்ணை மூடியவர். அரசாங்கக் காகிதம் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒவ்வொரு வயது. அதற்குக் கொஞ்சம் கீழே, வெள்ளி அரைஞாண் ஒன்று. கழுத்து வரை கடனில் இருந்த கொள்ளுத்தாத்தா, பெண் குழந்தைக்கு அரைஞாண் வாங்க இன்னும் கொஞ்சம் கடன் பட்டிருக்கிறார். அந்த மனிதரின் புகைப்படம் எங்களிடம் இல்லை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. இந்த ஒரு வரி போதும் எனக்கு, அவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று தெரிந்துகொள்ள.

அடுத்த ஆண்டு, காளயுக்தி ஐப்பசி. 1918-இல் விஷக்காய்ச்சல் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கொண்டுபோன மாதங்கள். கோடித் துணி என்று ஒரு வரி. அதோடு அவர் பெயரில் எழுதுவது நின்றுவிட்டது. அடுத்த வரியில்தான், நான் உங்களிடமெல்லாம் சொல்லித் தேடிய அந்தப் பெயர் முதன்முதலாக, முழுதாக வருகிறது. புருஷன் கடன் பெண்சாதி பேருக்கு மாற்றப்பட்டது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்திக்குப் பெயர் இருக்கிறது என்று அந்தக் கணக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. பிறகு மாதந்தோறும் அவர் பெயரில் வரவு. கொழுந்து பறித்து, அரிசிக்குப் பிடித்தது போக, கொஞ்சம் கொஞ்சமாக. 1921-இல் துண்டு முறையைச் சட்டம் தடை செய்த வரைக்கும் வரவு எழுதப்பட்டிருக்கிறது.

கொப்பியில் தொகைக்கென்று ஓரத்தில் கோடு போட்டிருந்தார். அந்தப் பகுதி முழுக்க வெறுமையாக இருந்தது. ஏன் மாஸ்டர் என்று கேட்டேன்.

"எழுதக் கை வரவில்லை, மகள்" என்றார். "நீங்கள் கேட்டால் எழுதித்தருகிறேன்."

நான் தயங்கினேன். அம்மா தயங்கவில்லை. "எழுதுங்கள் அண்ணே, அதுவும் எங்களுடையதுதான்" என்றார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காம்பராவின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பழைய எண்களை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றாக நிரப்பினார். கோடித் துணிக்கு வந்ததும் சற்று நேரம் பேனாவை எடுத்துக்கொண்டார்.

எழுதி முடித்த பிறகு, யாரும் கேட்காமலேயே அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து, மறு ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டமும் வந்தபோது, இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று நிரூபிக்க மலையகமே காகிதம் தேடி அலைந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஆதாரம் போதாது என்று தள்ளப்பட்டவர்களில் என் அம்மாயியும் ஒருவர். பிறகு 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில்தான் நாங்கள் கோத்தகிரிக்கு வந்தோம். மாஸ்டர் சொன்னார்: அந்த நாட்களில் இந்தப் புத்தகங்கள் இருந்த பெட்டி அவர் தாத்தாவின் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கேட்டு வந்தவர்களை, கணக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று தாத்தா அனுப்பிவிட்டார். சிறு பையனாக இருந்த மாஸ்டர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்.

இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. கொப்பியைக் கொடுத்து, தேநீர் குடித்து, மரியாதையோடு போயிருக்கலாம். அவர் சொன்னார். கொள்ளுப்பாட்டியின் பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மழை விட்டதும் போகலாம் அண்ணே, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார். அக்கா ரொட்டி சுட்டார். நால்வரும் சாப்பிட்டோம்.

காகிதம் இருந்திருந்தால் குடியுரிமை கிடைத்திருக்குமா? தெரியாதவர்கள் கைக்குப் போய்த் தள்ளுபடியான விண்ணப்பங்களில் காகிதம் உள்ளவையும் இருந்தன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியோடு நான் இனி மல்லுக்கட்டப் போவதில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டியை ஆட்கணக்கில் ஒருத்தியாகவும் கடன்காரியாகவும் மட்டுமே பார்த்த ஒரு புத்தகத்திலிருந்து, ஒரு பிரசவத்தையும் ஒரு அரைஞாணையும் ஒரு சாவையும் பிரித்தெடுத்து, ஒரு குடும்பமாக எங்கள் கையில் கொடுத்தவர் மாஸ்டர். அந்த வேலையைச் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

அந்தப் புத்தகங்களில் எங்கள் குடும்பம் சில வரிகள்தான். மற்றப் பக்கங்கள் முழுக்க வேறு குடும்பங்கள். மாஸ்டர் அனுமதியோடு அவற்றையும் படி எடுக்கப் போகிறேன். பழைய எண்களைப் படிக்க அவரிடமே கற்றுக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் நாள்தோறும் பாடம் நடக்கிறது. துறையூர், முசிறிப் பக்கத்திலிருந்து பூண்டுலோயாப் பகுதித் தோட்டங்களுக்குப் போய், இன்றைக்குக் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று இருக்கிறவர்களும், அங்கேயே இருக்கிறவர்களும் உங்கள் பாட்டன் பாட்டி பெயரையும் ஊர்ப் பெயரையும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இருந்தால் எழுதித்தருகிறேன். தொகையும் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

மாஸ்டர், மீதிப் புத்தகங்களைப் பார்க்கத் தைப்பொங்கல் கழித்து வருகிறேன். தானும் வருவதாக அம்மா பிடிவாதமாக இருக்கிறார். வைத்தியர் சரி என்றால் அழைத்துவருகிறேன்.

நன்றியுடன்,
கோத்தகிரியிலிருந்து