எங்கள் தோட்டம் காலி நிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் சிலாங்கூரில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் வரப்போகும் வீடமைப்புத் திட்டம் பற்றி எழுதியிருந்தீர்கள். "காலி நிலத்தில் அமைவதால் கரியமில வாயு வெளியேற்றம் மிகக் குறைவு" என்று மேம்பாட்டாளர் சொன்னதை அப்படியே அச்சிட்டும் விட்டீர்கள். காலி நிலமாம்! என் அப்பா பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த நிலம் அது. நான் 31 ஆண்டு கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்த நிலம். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, கோயிலைச் சாலையோரத்துக்குத் தள்ளி, பள்ளிக்கூடத்தையும் கிளப்பிக்கொண்டு போன பிறகு காலியாகத்தான் தெரியும். இன்றைக்கும் அங்கே செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கிறது. உங்கள் நிருபர் காரை விட்டு இறங்கினாரா என்று நான் கேட்கமாட்டேன்.

பால் நிறுக்கும் இடத்தில் வாளி எடையை எந்தத் துரையும் நம்பியதில்லை. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை முக்கி, 100 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் 30 கிலோவா 35 கிலோவா என்று பார்த்துத்தான் கணக்கில் எழுதுவோம். மழைத் தண்ணீர் கலந்திருந்தால் வெட்டியவருக்குக் காசு குறையும். எத்தனை அக்காமார் என் மேசை முன்னால் நின்று அழுதிருப்பார்கள்! அந்தக் கண்டிப்பெல்லாம் தொழிலாளிக்கு மட்டும்தானா? மேம்பாட்டாளர் நீட்டிய வாளியை நீங்கள் முக்கிக்கூடப் பார்க்கவில்லையே.

கூரையில் சோலார், தெருவில் எல்.இ.டி. விளக்கு. அவர் சொன்னது இவ்வளவுதான். சாய்க்கப்போகும் செம்பனையில் உள்ள கரிமம் எங்கே போகும்? அழுகினாலும் எரித்தாலும் காற்றுக்குத்தான். தாழ்ந்த பக்கம் கம்புட் மண், அதாவது முழுதும் மக்காத செடிகொடி சேர்ந்த சதுப்பு மண், இருந்தால், கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த நாளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அந்த மண்ணே கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கும். பக்கத்து ராஜா மூசா சதுப்புக் காட்டில் இந்த மண் தீப்பிடித்துப் புகைந்ததை இந்த ஊர்க்காரர்கள் மூக்காலேயே அறிவோம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே வாயு வரும், சூளையில் எரிக்கும் எரிபொருளின் புகை தனி.

கார் கணக்கு இன்னும் மோசம். என் மகன் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய்வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பழைய கார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. மாதம் 22 நாள் என்றால் ஆண்டுக்கு 4 டன். ஆயிரம் வீட்டில் வீட்டுக்கு ஒரு கார் இப்படி ஓடினால் 4,000 டன். தாமானில், அதாவது இப்படிப்பட்ட குடியிருப்பில், வீட்டுக்கு எத்தனை கார் நிற்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. கடையும் கிளினிக்கும் பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருந்து, ஒழுங்காக பஸ்ஸும் ஓடினால் இந்த எண் இறங்கும். அதனால்தான் வரைபடம் தாளில் இருக்கும்போதே கணக்குப் போட வேண்டும். கட்டி முடித்த பிறகு யார் சாலையை மாற்றப்போகிறார்கள்?

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு இருந்த ஒரே பஸ்ஸை நிறுத்தியதைப் பற்றி மூன்று கடிதம் எழுதினேன். இடமில்லாமல் விட்டுப்போயிருக்கும். நடிகையின் பிறந்தநாளுக்கு அரைப் பக்கம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே.

2050-க்குள் நிகர சுழியம், அதாவது வெளியேற்றும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமம், என்கிறது மலேசிய அரசாங்கம். 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாகவும் உறுதி தந்திருக்கிறது. அதுவும் மொத்தப் புகையில் அல்ல. நாட்டின் உற்பத்தியில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எவ்வளவு புகை என்ற கணக்கில், 2005-ஐ ஒப்பிட்டு. உற்பத்தி வேகமாக வளர்ந்தால் மொத்தப் புகையும் கூடலாம். கிராணிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல.

தோட்டம் கைமாறியபோது குடும்பத்துக்கு ஒரு வீடு என்றார்கள். வந்தது ஒரு கடிதம்தான். அதிலும் 'காலி செய்யவும்' என்றுதான் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, பொடி எழுத்திலாவது, 'காலி நிலம்' என்பதைத் 'தோட்ட நிலம்' என்று திருத்திப் போடுங்கள். அந்த 'மிகக் குறைவு' எத்தனை டன், அதில் கார் சேர்ந்ததா என்று மேம்பாட்டாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பத்தாங் பெர்ஜுந்தை