ஈபில் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சுக்கு வரும் நம் ஆட்கள் பாரிசைப் பார்த்ததோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். பர்கண்டி பக்கமும் போய் வாருங்கள். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, பழைய ரயில் தடத்தில் 1997இல் திறந்த சைக்கிள் பாதை இருக்கிறது. 44 கிலோமீட்டருக்கு கார், லாரி எதுவும் கிடையாது. ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமும் பெரிதாகத் தெரியாது. 61 வயதில் நானே மிதித்தேன்.

அப்புறம் சாந்தனே ஊரில் கால்வாய்க் கரை. மதகுக் கதவு மூடி, நீர் மெல்ல ஏறி, படகு நம் கண்மட்டத்துக்கு உயரும்வரை சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பீனோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையின் கொத்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவு சிறியது. பறிக்காதீர்கள், அது ஒருவரின் வருட உழைப்பு.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இந்தப் பாதையைப் பற்றியும் எழுதுங்கள்.

வாசகி, பாரிஸ்