ஹீலியம் ஏன் கையிருப்பில் இல்லை? – புதிய துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பொறுப்பேற்றதை ஒட்டி வந்த பேட்டியைப் படித்தேன். ஆய்வகத்தில் கை அழுக்கான ஒருவர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வருவது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் பத்தாண்டுக்குள் உலகத் தர வரிசையில் முதல் இருநூறுக்குள் வந்துவிடுவோம் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் பேராசிரியர் இல்லை. வேறோர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கருவி மையத்தில் தொழில்நுட்ப அலுவலராக 27 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். சேர்மங்களின் கட்டமைப்பைக் கண்டறியும் காந்தக் கருவியான என்எம்ஆர் இருக்கும் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். துணைவேந்தர்கள் ஆறு பேர் வந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஆறு பேரும் உலகத் தரம் என்று பேசினார்கள். அதில் இரண்டு பேர் விஞ்ஞானிகள். கருவி அறைக்குள் காலெடுத்து வைத்தவர் ஒருவர்தான், அதுவும் திறப்பு விழாவுக்கு.

என்எம்ஆர் காந்தம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காந்தத்தின் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும், மைனஸ் 269 டிகிரியில். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றிவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் தராமலே ஆண்டுக்கணக்கில் அது சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் உறை. நைட்ரஜனை வாரத்துக்கு ஒரு முறையாவது ஊற்ற வேண்டும். ஹீலியம் சில மாதங்களுக்கு ஒரு முறை. இரண்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதுதான் அவற்றின் இயல்பு. ஹீலியம் மட்டம் எல்லைக் கோட்டுக்குக் கீழே போய்ச் சுருளின் ஓர் இடத்தில் சூடேறினால் போதும், சுற்றிக்கொண்டிருந்த மின்னோட்டம் அத்தனையும் சில நொடிகளில் வெப்பமாகும், மிச்ச ஹீலியம் மொத்தமும் கொதித்துப் பாயும். இதை நாங்கள் க்வெஞ்ச் என்போம்.

எங்கள் காந்தம் அப்படித்தான் போனது. மட்டம் இறங்குகிறது என்று நான்கு மாதத்துக்கு முன்பே கோப்பு வைத்தேன். கணக்குப் பிரிவிலிருந்து முதல் கேள்வி: மூன்று விலைப்புள்ளிகள் எங்கே? எங்கள் பகுதிக்குத் திரவ ஹீலியம் கொண்டுவந்து ஊற்றுகிற நிறுவனம் ஒன்றுதான் என்று எழுதினேன். அதற்குச் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த கேள்வி: சென்ற முறை வாங்கிய ஹீலியம் கையிருப்புப் பதிவேட்டில் ஏன் இல்லை? ஆவியாகிவிட்டது என்று எழுதினேன். கோப்பு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி: ‘ஆவியானதற்குப் பொறுப்பு யார்?’

சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது. அன்று வரவில்லை. ஒரு மாலை ஆறேகால் மணிக்கு, முனைவர் பட்ட மாணவி ஒருவர் மாதிரியைச் செருகிவிட்டுக் கணினியில் உட்கார்ந்திருந்தார். முதலில் சீறல். பிறகு படீரென்று பாதுகாப்புத் தகடு உடைந்தது. வெள்ளைப் புகை கூரையில் முட்டிப் பரவிக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஏறத்தாழ 750 லிட்டர் வாயுவாக விரியும், அறையிலுள்ள ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நோட்டுப் புத்தகத்தை எடுக்கத் திரும்பிப் போகப் பார்த்தார், விடவில்லை.

காந்தத்தை மறுபடி குளிர வைத்து மின்னேற்றி எழுப்ப ஆன செலவில் பல ஆண்டுக்கான ஹீலியம் வாங்கியிருக்கலாம். அந்தச் செலவுக்கான கோப்புக்கு ஒரு கேள்வியும் வரவில்லை, அவசரம் என்று மேலே எழுதியிருந்ததால். எழுப்ப 11 மாதம் ஆனது. அதுவரை அந்த மாணவி வெளி ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருந்தார். ஏழாவது மாதம் அவருடைய சேர்மத்தின் கட்டமைப்பை வேறொரு நாட்டுக் குழு வெளியிட்டுவிட்டது. அவர்களுடைய ஹீலியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

க்வெஞ்ச் ஆன அதே மாதத்தில் தர வரிசைப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிறுவப்பட்டுள்ள உயர்நிலைக் கருவிகள் எத்தனை? செத்துக் கிடந்த காந்தத்தையும் சேர்த்துத்தான் எண்ணிக் கொடுத்தார்கள். ‘நிறுவப்பட்டுள்ள’ என்றுதானே கேட்டிருக்கிறார்கள், இயங்குகிறதா என்று கேட்கவில்லையே என்றார் அந்தப் பிரிவுக்காரர். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

ஐயா, அளவீடு என்றால் என்ன என்று தெரிந்தவர் நீங்கள். ஒரு மானி எதை அளக்கிறது என்று தெரியாமல் அதன் முள்ளை நம்பமாட்டீர்கள். தர வரிசை என்ற மானியையும் அப்படித் திறந்து பார்க்க வேண்டும். 2003-ல் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகம் முதல் பட்டியலைப் போட்டது, சீனப் பல்கலைக்கழகங்கள் உலகத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்காக. அதில் 30 சதவீதம் நோபல் பரிசுக்கும் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது: பழைய மாணவர் வாங்கியிருந்தால் 10, பணியிலிருக்கும்போது ஆசிரியர் வாங்கியிருந்தால் 20. இன்னொரு 20 நேச்சர், சயின்ஸ் இதழ்க் கட்டுரைகளுக்கு. ஆக உங்கள் பதவிக்காலத்தில் நீங்கள் என்ன செய்தாலும் அந்த முப்பதில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூட அசையாது. கியூஎஸ் என்ற இன்னொரு தர வரிசைப் பட்டியலுக்கு வாருங்கள். அங்கே 30 சதவீதம் மற்ற கல்வியாளர்கள் உங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக் கணிப்பு. சில ஆண்டுக்கு முன்புவரை அது 40. பேர் வாங்கியவருக்கே பேர் கிடைக்கிற கணக்கு.

மிச்சமிருக்கும் புள்ளிகளைத் துரத்தக் குறுக்குவழி உண்டு. கட்டுரைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவிக்கலாம். மேற்கோள் எண்ணிக்கை அதிகமுள்ள ஒருவரை ஆண்டுக்குச் சில வாரம் வரவழைத்து அவருடைய கட்டுரைகளில் நம் முகவரியை இரண்டாவதாகப் போடச் சொல்லலாம். அதன் விளைச்சலையும் பார்த்தோம். 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. இவற்றில் பல கட்டுரைத் தொழிற்சாலைகளில் காசுக்குத் தயாரானவை. தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்தவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்ட படிவத்தை அடித்தது யார்?

இனி எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதுவும் ஹீலியம் கதைதான்.

லைடன், நெதர்லாந்து. அரசுப் பல்கலைக்கழகம். ஹெய்கே காமர்லிங் ஓன்னெஸ் 1882-ல் அங்கே பேராசிரியர் ஆனார். ஹீலியத்தைத் திரவமாக்கியது 1908 ஜூலை 10-ஆம் நாள். இடையில் 26 ஆண்டு. அந்த 26 ஆண்டும் அவர் பம்பு, குழாய், வால்வு, கண்ணாடிக் குடுவை என்று சேர்த்துக்கொண்டிருந்தார். நுட்பமாகக் கண்ணாடி ஊதவும் உலோகம் கடையவும் ஆள் போதவில்லை என்று கண்டதும் 1901-ல் கருவி செய்வோருக்கான பயிற்சிப் பள்ளிக்கு வழி செய்தார். நீலச் சட்டை போட்ட பையன்கள் ஆய்வகத்திலேயே தொழில் கற்றார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. கண்ணாடி வேலைக்கு கெஸ்ஸல்ரிங், குளிர் இயந்திரங்களுக்கு ஃப்ளிம் என்று தேர்ந்த கைகள் அவரோடு இருந்தன. 1908 முதல் 1923 வரை, டொராண்டோவில் இன்னொரு நிலையம் வரும்வரை, பூமியில் திரவ ஹீலியம் கிடைத்த ஒரே இடம் லைடன். மிகக் குளிரில் ஒன்றை அளக்க வேண்டுமா, லைடனுக்கு வந்தாக வேண்டும். உலகத் தரம் என்று நாம் சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன்: எங்கள் வாசலுக்கு வராமல் இந்த வேலை நடக்காது என்ற நிலை.

1911-ல் அங்கேதான் பாதரசத்தில் மின்தடை மறைவதைக் கண்டார்கள். 1913-ல் ஓன்னெஸுக்கு நோபல். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அன்று அளவீட்டைப் பார்த்துக்கொண்டவர் கில்லஸ் ஹோல்ஸ்ட், குளிரூட்டலைக் கவனித்தவர் ஃப்ளிம். கட்டுரையில் ஓன்னெஸ் பெயர் மட்டும் வந்தது. எங்களைப் போன்ற கருவி அறை ஆட்களுக்கு இது புதிதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று உண்டு. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் சி.வி. ராமனின் உதவியாளராக இருந்த ஆசுதோஷ் டே கல்லூரி வாசலை மிதிக்காதவர். ராமன் தன்னுடன் அவர் பெயரையும் சேர்த்தே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அந்த ராமனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தவர் பெயரும் ஆசுதோஷ்தான். கணித அறிஞர், நீதிபதி, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி. நிதித்துறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ராமனுக்குப் பாலித் பேராசிரியர் பதவியைத் தர முன்வந்தார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை. போகமாட்டேன் என்றார் ராமன். நிபந்தனையைத் தளர்த்தினார்கள். ராமன் 1917-ல் பொறுப்பேற்றார். மேகநாத சாகா, சத்யேந்திரநாத் போஸ் என்று இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர்களையும் அறிவியல் கல்லூரியில் வேலைக்கு எடுத்தார்கள். ராமன் விளைவு வெளிப்பட்டது 1928-ல். முகர்ஜி 1924-லேயே காலமாகிவிட்டார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்தவர் காலத்தில் பலன் தரும் வேலையில் உங்கள் காலத்தைச் செலவிடுங்கள். தர வரிசைப் பிரிவை மூடச் சொல்லவில்லை, அரசு கேட்கும், பெற்றோர் கேட்பார்கள், புரிகிறது. ஆனால் அதை உங்கள் அறைக்கு அடுத்த அறையில் வைக்காதீர்கள். உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-ல் டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலுக்குத் தரவு தருவதையே நிறுத்திவிட்டது, சூரிச் அடுத்த ஆண்டு. உலகம் அவர்களை மறந்துவிடவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே பேர் இருந்தது, எங்களுக்கு அந்த வசதி இல்லை என்பீர்கள். சரிதான், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் பதவி உயர்வுப் படிவத்தைத் திருத்த நீங்கள் முயன்று பார்க்கலாம். கட்டுரை எத்தனை என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, உங்கள் சிறந்த ஐந்து வேலைகளைச் சொல்லுங்கள், அவை எதை மாற்றின என்று எழுதுங்கள் என்று கேட்கலாம். எண்ணிக்கை நிபுணர் தீர்ப்புக்குத் துணையாக வரலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று 2015-லேயே, ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று பேசும் லைடன் அறிக்கை சொல்லிவிட்டது. ஆம், அதே லைடன்.

ஹீலியம், நைட்ரஜன், கரைப்பான், பம்பு எண்ணெய் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தம் போட்டு, தேதி வந்தால் கேட்காமலே வந்து ஊற்றும்படி செய்யுங்கள். கருவி வாங்கும் பணத்திலேயே பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒதுக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். நிதியாண்டு முடியும் வாரத்தில் மிச்சப் பணத்துக்கு வாங்கிய கருவி எங்கள் மையத்தில் ஐந்தாண்டு பெட்டி பிரிக்காமல் இருந்தது. மேலே தொட்டி வைத்து யாரோ செடி வளர்த்தார்கள். செடி நன்றாகவே வளர்ந்தது. ஆய்வு மாணவர் உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் கணக்கில் ஏறவில்லை என்றால் அன்றே உங்கள் மேசைக்குத் தகவல் வரட்டும். ஓய்வு பெறும் தொழில்நுட்பப் பணியாளருக்கு மாற்றாளை ஓராண்டு முன்பே சேர்த்துவிடுங்கள். கையில் இருக்கும் வித்தை கோப்பில் ஏறாது. நான் வெளியே வந்த நாளில் சாவியைப் பெற்றுக்கொண்டவர் பாதுகாவலர்.

இதில் பாதி உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். காலியிடங்களை நிரப்ப அரசு ஒப்புதல் வேண்டும், தணிக்கை உங்கள் பேச்சைக் கேட்காது, செனட்டில் ஹீலியத்தைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால் படம் வரும், வால்வு மாற்றினால் வராது.

சொல்லாமல் ஒரு நாள் கருவி மையத்துக்குப் போங்கள். லாக் புக்கை வாங்கிப் புரட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதற்கு முந்தைய வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு என்எம்ஆர் அறை. உள்ளே போகுமுன் கைக்கடிகாரம், சாவி, வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்ல வேண்டும், உடலில் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்க வேண்டும். அங்கே நிற்கும் ஆள் துணைவேந்தரிடமும் தயங்காமல் அதைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் கும்பிட்டு வழிவிட்டால், கடிகாரத்தை நீங்களே கழற்றி அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
என்எம்ஆர் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த ஒருவன்