நீர்க்கடுப்பும் பழைய மாத்திரை அட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கால உடல்நலம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, நீர்க்கடுப்பைத் 'தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்' என்ற ஒரே வரியோடு முடித்திருந்தது. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் மூன்றாண்டுகள் அந்தக் கடுப்போடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில், அது போதாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இதைச் 'சூடு பிடித்துக்கொண்டது' என்பார்கள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவி, வெந்தயம் ஊறிய தண்ணீர், நீராகாரம், இளநீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பார்கள். வெயிலில் தண்ணீர் குறைந்து சிறுநீர் சுண்டியதால் வந்த எரிச்சல் அதிலேயே அடங்குவதும் உண்டு. அடங்காவிட்டால் அடுத்தது மருந்துக்கடைதான். தீர்ந்துபோன கிருமிக்கொல்லி மாத்திரை அட்டையின் ஒரு துண்டைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்து, அதைக் காட்டி 'இதிலேயே நாலு கொடுங்கள்' என்று நான் வாங்குவேன். மருத்துவர் சீட்டு எங்கே என்று அந்தக் கடையில் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று எனக்கும் நிம்மதிதான். இரண்டு வேளையில் எரிச்சல் தணிந்துவிடும். மீதி இரண்டு மாத்திரைகள் அடுத்த முறைக்கென்று அடுப்படி அலமாரிக்குப் போய்விடும். முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவளுக்கு, ஒரே ஆண்டில் ஐந்து முறை அந்த அலமாரியைத் திறந்த கணக்கு மட்டும் உறைக்கவில்லை.

ஆறு மாதங்களில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ கிருமியால் சிறுநீர்த் தொற்று வந்தால், அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவர்கள் தனியாகவே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நிலையில் மாத்திரைக்கு முன்பே செய்ய வேண்டியது, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் 'யூரின் கல்ச்சர்' சோதனை. முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நானோ முதல்முறை வீட்டிலேயே பிடித்து எடுத்துக்கொண்டு, போகிற வழியில் ஒரு கல்யாண வீட்டிலும் தலையைக் காட்டிவிட்டு, உச்சி வெயிலில் காரைக்குடி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பலவகைக் கிருமிகள் கலந்திருப்பதால் மறுபடியும் கொடுக்கவும் என்று அறிக்கை வந்தது. மறுமுறை ஒழுங்காகக் கொடுத்ததும், பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணமான, நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ. கோலை என்ற கிருமி தெரியவந்தது. எந்தெந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற பட்டியலும் கூடவே வந்தது. நான் அட்டை காட்டி வாங்கிக்கொண்டிருந்த மாத்திரை, கட்டுப்படாதவற்றின் வரிசையில் முதலாவதாக இருந்தது.

மருத்துவர் வேறு மருந்தை ஐந்து நாட்களுக்குக் கொடுத்து, ஒரு வேளையும் விடக்கூடாது என்றார். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் அந்தப் பகுதி வறண்டு, நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, தொற்று எளிதாகிறது என்று விளக்கி, உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு ஒன்றும் எழுதித் தந்தார். (மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.) தண்ணீர் விஷயத்தில் என் குற்றமும் வெளிவந்தது. எங்கள் பழைய வீட்டில் கழிப்பறை, வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டிப் பின்தெரு வாசலுக்கருகில் இருக்கிறது. இரவில் அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கே சொம்பைக் கவிழ்த்துவிடுவேன். குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் மாதவிடாய் நிற்காத வயதினர் என்றாலும், நான் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே ஒரு கழிப்பறை கட்டிக்கொண்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவை இருந்திருக்காது. எட்டு மாதம் கழித்து மறுபடியும் கடுப்பு வந்தது. இம்முறை கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இரண்டு முறை திரும்பச் செய்தும் அதே பதில்தான், தொற்றைக் காட்டும் சீழணுக்களும் இல்லை. 'எல்லாம் மனசுதான் ஆச்சி' என்று வீட்டில் சொல்லத் தொடங்கினார்கள். கிருமி இருந்தபோது கிடைத்த அனுதாபம், கிருமி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. மதுரையில், சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் ஒரு யூராலஜி மருத்துவர்தான், ஸ்கேன் எடுத்து, சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டும் பார்த்துவிட்டு, இது சிறுநீர்ப்பை வலி நோய் என்றார். பை நிறைய நிறைய வலி கூடும், கழித்ததும் சற்றுத் தணியும், ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும். கிருமிக்கொல்லி மாத்திரை இதற்கு ஒன்றும் செய்யாது.

மூன்று நாட்களுக்கு, என்ன குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தேன், வலி எப்படியிருந்தது என்று குறித்துவரச் சொன்னார். செட்டிநாட்டுச் சமையலில் முதல் குற்றவாளி மிளகாயாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். நோட்டில் மாட்டிக்கொண்டதோ நாலு வேளைக் காப்பியும் எலுமிச்சைச் சாறும். வரமிளகாய்த் துவையல் தப்பித்தது. இது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதான் வழி. அரைமணிக்கு ஒருமுறை ஓடியவள், வாரத்துக்குப் பத்து நிமிடமாக இடைவெளியை நீட்டி இப்போது இரண்டரை மணி நேரம் தாங்குகிறேன். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் உதவுகிறது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சியை யாரோ சொன்னார்கள் என்று செய்து வலியைக் கூட்டிக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டது அதைத் தளர்த்தும் பயிற்சி, அதைப் பிசியோதெரபி தெரிந்தவரிடமே கற்க வேண்டியிருந்தது. முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் இன்னும் கடுக்கிறது.

என் கதையை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது வந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதை 'சூடு' என்று விட்டுவிடவே கூடாது. அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சீழணுக்கள் இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால், நம் நாட்டில் காசநோயையும் நினைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களும், சிறுநீரகக் கல் இருப்பவர்களும் வேறு கணக்கு.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் யூராலஜி மருத்துவர் ஒருவரைக் கொண்டு, கிருமி இல்லாத இந்தக் கடுப்பைப் பற்றி விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர் கேள்விகளுக்கும் அவர் பதில் சொன்னால் நல்லது. ஆனால் கேட்பவர்களின் பெயரை அச்சிட வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் பெயர் போட்டு இதைக் கேட்கமாட்டார்கள். நானும் என் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பள்ளத்தூர்.